முதல் கிட்டாரை எந்த ஆண்டின் அச்சில் செய்வது?

பழைய பாணியில் ஒரு எலக்ட்ரிக் கிட்டாரை, வெறும் பலகையிலிருந்து தொடங்கி, வீட்டுப் பட்டறையிலேயே செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மனதில் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள். தீ நாக்கு போல வரியோடிய மேப்பிள் முகம், ஓரத்தில் வெளுத்துத் தேன் நிறமாகிவிட்ட செர்ரிச் சிவப்பு. கிப்சன் நிறுவனத்தின் 1959ஆம் ஆண்டு லெஸ் பால் ஸ்டாண்டர்ட். அந்த ஆசையில் தவறே இல்லை. ஆனால் முதல் முயற்சியாக அதை எடுத்தவர்களின் பலகைகள் பாதி வேலையில் நின்று, தூசி படிந்து கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். கை வராததால் அல்ல, முதல் கிட்டாருக்குப் பொருந்தாத அச்சைத் தேர்ந்தெடுத்ததால்.

எனவே ரூட்டர் (மரத்தில் பள்ளம் எடுக்கும் இயந்திரம்), பசை, வார்னிஷ் எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த ஒரு முடிவை நிதானமாக எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். என் கணக்கில் நிஜமான போட்டி ஃபென்டர் டெலிகாஸ்டருக்கும் கிப்சன் லெஸ் பால் ஜூனியருக்கும்தான். ஸ்டாண்டர்டைப் பற்றியும் சொல்கிறேன், ஆனால் சுருக்கமாக. இன்னொன்று: இங்கே செய்வது என்றால் நெக்கையும், அதாவது கிட்டாரின் கழுத்தையும், சேர்த்துத்தான். தயார் நெக்கை வாங்கி மாட்டுவதாக இருந்தால் இந்தக் கட்டுரையின் பாதிக் கவலை உங்களுக்கு இல்லை. உடல் என்பது வடிவாக வெட்டிக் குழி எடுத்த பலகை. கிட்டார் நன்றாக வருமா வராதா என்பது நெக்கிலும், நெக் உடலோடு சேரும் இடத்திலும்தான் இருக்கிறது.

ஃபுல்லர்டன்

லியோ ஃபென்டர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஒரு ரேடியோவைத் திறந்தால் பழுதான பாகத்தை மட்டும் கழற்றி மாற்றலாம் என்ற பழக்கம் அவர் கையில் ஊறியிருந்தது. அதையே கிட்டாருக்கும் கொண்டுவந்தார். அவருடைய கிட்டார் 1950இல் எஸ்குவயர் என்ற பெயரில் வந்தது, அதே ஆண்டு இரண்டு பிக்கப்போடு (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) பிராட்காஸ்டர் ஆனது. கிரெட்ச் நிறுவனம் அந்தப் பெயரில் தங்களிடம் டிரம்ஸ் இருப்பதாக ஆட்சேபம் சொன்னதால், 1951இல் டெலிகாஸ்டர் என்று மாறியது.

வீட்டில் செய்கிறவருக்கு அந்த அமைப்பு எவ்வளவு இரக்கமானது என்பதை ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைந்தாலே புரியும். உடல் 44 மில்லிமீட்டர் கனமுள்ள தட்டைப் பலகை. நெக்கின் அடிப்பகுதி 25 மில்லிமீட்டர் கனம். உடலில் அதற்கு எடுக்கும் குழி 16 மில்லிமீட்டர் ஆழம். மீதி 9 மில்லிமீட்டர் சொச்சம் உடலுக்கு மேலே நிற்கும், அந்த உயரம், உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் உயரத்தோடு பொருந்திவிடும். சாய்வு இல்லை, கோணம் இல்லை. குழி சற்று ஆழமாகிவிட்டால், நெக்கை உடலோடு பிடித்திருக்கும் நான்கு திருகாணிகளைக் கழற்றி, அடியில் ஒரு மெல்லிய அட்டைத் துண்டை வைத்து மறுபடி முடுக்கலாம். ஃபென்டர் தொழிற்சாலையிலேயே இப்படி அட்டை வைத்திருக்கிறார்கள், எனவே கூச்சப்பட வேண்டியதில்லை. நெக்கே வீணாகிவிட்டாலும் உடல் பிழைக்கும், இன்னொரு நெக் செய்து மாட்டலாம். முதல் முறை செய்கிறவருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது.

தந்திகளை முறுக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கும் அப்படித்தான். கிப்சனில் அது பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். ஃபென்டரில் நெக்கின் திசையிலேயே நேராகப் போகிறது, விரல் வைத்து வாசிக்கும் முகமான ஃப்ரெட்போர்டின் மட்டத்திலிருந்து கொஞ்சம் தாழ்ந்து. ஓர் அங்குலச் சொச்சம் கனமுள்ள ஒரே கட்டையில் முழு நெக்கும் அடங்கிவிடுகிறது. கட்டையின் ரேகை நெக்கின் நீளத்துக்கு அறுபடாமல் ஓடுவதால், கீழே விழுந்தாலும் தலை எளிதில் முறியாது.

அப்படியானால் 1951ஆம் ஆண்டு டெலிகாஸ்டரை அப்படியே செய்துவிடலாமா? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அந்த நெக் ஒரே துண்டு மேப்பிள். தனி ஃப்ரெட்போர்டு கிடையாது. தந்திகளின் இழுவையை எதிர்க்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை நெக்கின் முதுகுப் பக்கத்திலிருந்து உள்ளே வைத்து, மேலே வால்நட் மரப் பட்டையைப் பதித்து மூடினார்கள். பழைய ஃபென்டர் நெக்குகளின் முதுகில் தெரியும் அந்தக் கறுப்புக் கோடு அழகுக்காக வந்ததல்ல. (1950இன் முதல் எஸ்குவயர்களில் கம்பியே இல்லை. நெக் வளைந்த பிறகுதான் சேர்த்தார்கள்.) கம்பி போகும் வழியும் நேராக இல்லை: நடுவில் முதுகை ஒட்டியும், இரண்டு முனைகளில் ஃப்ரெட்போர்டுப் பக்கமாக ஏறியும் வளைந்து செல்ல வேண்டும். அந்த வளைவால்தான் கம்பியின் முனையிலுள்ள நட்டை முடுக்கும்போது நெக் பின்னோக்கி நிமிர்கிறது. ரூட்டர் வழுக்கிச் செல்ல ஒரு வளைந்த தாங்கியைச் செய்து, கடினமான மேப்பிளில், நடுக்கோடு தவறாமல் அந்தப் பள்ளத்தை எடுக்க வேண்டும். அதன்பின் அதே மேப்பிளின் முகத்தை 7.25 அங்குல ஆரத்தில் உருட்டி, 21 ஃப்ரெட்களுக்கும் (சுர இடங்களைக் குறிக்கும் குறுக்குக் கம்பிகள்) வெட்டுப் போட வேண்டும். இருபத்தோராவது வெட்டில் தவறினால் முழு நெக்கும் போச்சு. பிரித்து எடுக்க அங்கே தனிப் பலகை இல்லை.

கலமசூ

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் கிப்சன் வேறொரு மரபிலிருந்து வந்தது. மாண்டலின்களும் வளைமுகக் கிட்டார்களும் செய்த தச்சர்கள் அங்கே இருந்தார்கள். கிட்டார் கழுத்தில் முடுக்கக்கூடிய ட்ரஸ் ராடுக்கு 1923இல் காப்புரிமை பெற்ற தாடியஸ் மெக்ஹ்யூவும் அங்கே வேலை பார்த்தவர்தான். 1952இல் லெஸ் பால் வந்தது. 1954இல் மாணவர்களுக்கான மலிவுப் பதிப்பாக ஜூனியர் வந்தது. மேப்பிள் முகம் இல்லை, ஓரப்பட்டை இல்லை, செதுக்கு வேலை இல்லை. ஒரு மகோகனிப் பலகை, ஒரு பி-90 பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன், தந்தியையும் தாங்கி அதையே முடிச்சிடமாகவும் ஆக்கிக்கொள்ளும் ஒரு ஒற்றை பிரிட்ஜ்.

என் காதுக்கு ஜூனியரைப் போல ஒரு கிட்டார் கிடையாது. வால்யூமைப் பாதியாகக் குறைத்தால் பேச்சுக் குரல் போல மென்மையாகும், முழுதும் திறந்தால் ஆம்ப்ளிஃபையரைப் பிடித்து உலுக்கும். டெலிகாஸ்டரின் பிரிட்ஜ் பிக்கப்பில் தாம்பாளத்தில் நாணயம் விழுந்தது போன்ற ஒரு வெட்டு உண்டு. பி-90இல் அந்த வெட்டுக்குப் பின்னால் தொண்டையும் இருக்கிறது. பாகங்களின் எண்ணிக்கையைப் பார்த்தாலும் ஜூனியர்தான் எளிது. பணமும் மிச்சம்.

பட்டறையில் செலவாகும் நேரமும் முதலில் ஜூனியர் பக்கமே சாயும். மகோகனி உளிக்கும் அரத்துக்கும் இணங்கிப் போகும். நெக்கை வளைத்துச் செதுக்கும்போது மேப்பிள் கேட்கும் உழைப்பில் பாதிகூட அது கேட்காது. ஃப்ரெட்போர்டு தனிப் பலகை என்பதால் ட்ரஸ் ராட் பள்ளத்தை முன்பக்கத்திலிருந்தே எடுக்கலாம். ஃப்ரெட் வெட்டுகளை நெக்கில் ஒட்டும் முன்பே மேசை மீது வைத்துப் போடலாம். கெட்டுப்போனால் ஒரு பலகைதான் நஷ்டம்.

சரி, சிக்கல் எங்கே? இரண்டு கோணங்களில்.

முதலாவது ஹெட்ஸ்டாக். 1950களின் கிப்சனில் அது 17 டிகிரி பின்னால் சாய்கிறது. ஒரே கட்டையில் வெட்டினால் கனமான மரம் வேண்டும், பாதி வீணாகும். அதோடு மரத்தின் ரேகை அந்தச் சாய்வில் குறுக்கே அறுபடுகிறது. அதே இடத்தில் ட்ரஸ் ராட் நட்டுக்காக ஒரு குழியும் எடுக்க வேண்டும். பழைய கிப்சன்களில் தலை முறிந்து ஒட்டியவை இத்தனை இருப்பதற்குக் காரணம் இதுதான். கட்டையைச் சாய்வாக அறுத்து, துண்டைத் திருப்பிப் போட்டு ஒட்டினால் வலு கூடும், மரமும் மிச்சம். ஆனால் கலமசூவில் அப்படிச் செய்யவில்லை. நான் ஒட்டுவேன். பழமையின் பெயரால் ஒரு பலவீனத்தையும் சேர்த்து நகலெடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

இரண்டாவது, நெக் உடலோடு சேரும் கோணம். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஜூனியரின் நெக்கில் ஒரு கழுந்து இருக்கும். அது உடலில் எடுத்த துளையில் உட்கார்ந்து பசையோடு இறுகும். ஃப்ரெட்போர்டு உடலின் மேல் படிந்து வருவதால், நெக்கைச் சற்றுப் பின்னால் சாய்த்தால்தான் தந்திகள் பிரிட்ஜின் உயரத்துக்கு ஏறும். ஒற்றைக் கொம்பு ஜூனியரில் (நெக் அருகே உடலின் ஒரு பக்கம் மட்டும் குடைந்திருப்பது) நெக் 16ஆவது ஃப்ரெட் அருகே உடலைச் சேர்கிறது. தந்தியின் நீளம் 24.75 அங்குலம், அதாவது 629 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், அந்த இடத்திலிருந்து பிரிட்ஜ் ஏறக்குறைய 250 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். அந்தத் தூரத்தில் ஒரே ஒரு டிகிரி பிசகு, பிரிட்ஜில் 4 மில்லிமீட்டருக்கு மேல் உயர வித்தியாசமாகிவிடும். பிரிட்ஜின் ஏற்ற இறக்கமே அவ்வளவுதான் இருக்கும்.

என் முதல் ஒட்டு நெக்கில் இதுதான் நடந்தது. கழுந்து துளையில் கச்சிதமாக உட்கார்ந்தது. தச்சு வேலை அவ்வளவு சுத்தமாக வந்த மகிழ்ச்சியில், நீளமான இரும்பு அளவுகோலை ஃப்ரெட்போர்டு மேல் வைத்து பிரிட்ஜ் இடத்தில் உயரம் பார்க்காமலே பசை பூசி கிளாம்ப் போட்டுவிட்டேன். தந்தி கட்டிய அன்று பிரிட்ஜை அடிவரை இறக்கியும் 12ஆவது ஃப்ரெட்டில் தந்தி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. விரல் அழுத்தவே முடியாத உயரம். ஒரு ஃப்ரெட்டைக் கழற்றி, துளையிட்டு, ஆவி செலுத்தி, இரண்டு நாள் போராடி நெக்கைப் பிரித்தேன். ஃப்ரெட்போர்டு பிளந்தது, உடலின் மேல்பூச்சு வெளுத்தது. அந்த இரண்டு நாளும் எனக்குள் ஓடியது ஒன்றுதான்: இதே தவறை திருகாணி நெக்கில் செய்திருந்தால் ஒரு துண்டு அட்டையோடு முடிந்திருக்கும்.

அன்றிலிருந்து முதல் கிட்டாரைப் பற்றி யார் கேட்டாலும், எதன் தோற்றம் பிடிக்கிறது, எது எளிது என்பதைவிட, எதில் செய்த தவறைத் திரும்ப எடுக்கலாம் என்றுதான் பார்க்கச் சொல்கிறேன்.

ஸ்டாண்டர்டை இங்கேயே முடித்துவிடலாம். ஜூனியரில் சொன்ன இரண்டு கோணங்களும் அதிலும் உண்டு, நெக் சேரும் கோணம் இன்னும் செங்குத்தாக. அவற்றோடு குவிந்து செதுக்கிய மேப்பிள் முகம், உடலுக்கும் நெக்கிற்கும் ஓரப்பட்டை, அந்தக் குவிமுகத்தின் மேல் சரியான சாய்வில் இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) குழிகள், நான்கு கட்டுப்பாட்டுக் குமிழ்கள், சிவப்பும் மஞ்சளும் கலந்து தெளிக்கும் சன்பர்ஸ்ட். ஒவ்வொன்றும் தனியாகக் கற்க வேண்டிய வேலை. மூன்றாவது கிட்டாராகச் செய்யுங்கள், அப்போது ஒவ்வொரு நாளும் இன்பமாக இருக்கும். ஃபென்டரின் இன்னொரு கிட்டாரான ஸ்ட்ராடோகாஸ்டர் நெக் விஷயத்தில் டெலிகாஸ்டரின் உடன்பிறப்பு என்றாலும், ஸ்பிரிங் குழிகளும் உடல் வளைவுகளும் கூடுதல் வேலை. முதலில் டெலி செய்தவருக்கு அது தானாக வரும்.

மரம் சொல்லும் கணக்கு

நம் ஊரிலிருந்து செய்கிறவருக்கு மரம் ஜூனியர் பக்கம் நிற்கிறது என்பதை மறைக்க மாட்டேன். கிப்சன் பயன்படுத்திய ஹோண்டுராஸ் மகோகனியும், இன்று தமிழ்நாட்டில் விவசாயிகள் வரப்பிலும் தோப்பிலும் வளர்க்கும் பெரிய இலை மகோகனியும் தாவரவியல்படி ஒரே இனம். இளமரம் என்றால் வெளிர் நிறமும் மென்மையும் இருக்கும். முதிர்ந்த மரத்தின் உள்வைரம் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மேப்பிளும் ஆஷும் இங்கே வளர்வதில்லை. அறைகலனுக்காக இறக்குமதியாகும் மரங்களை விற்கும் கடைகளில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆனால் உடலுக்கு ஆஷ் கட்டாயம் என்று யாராவது சொன்னால், 1950இன் முதல் எஸ்குவயர்கள் பைன் மரத்தில் செய்யப்பட்டவை என்று சொல்லுங்கள். பைன் இங்கே எளிதாகக் கிடைக்கிறது. எடை குறைவு, வெட்டுவது சுலபம். நகம் பட்டால் தழும்பு விழும் என்பதைத் தவிர குறை இல்லை. நெக்குக்கு மட்டும் மேப்பிளில் சமரசம் வேண்டாம்.

ஃப்ரெட்போர்டில்தான் நமக்கு நிஜமான உறவு. 1950களில் இரண்டு நிறுவனங்களும் பிரேசில் ரோஸ்வுட்டைப் பயன்படுத்தின. அது கிடைப்பது அரிதானபோது 1960களில் அவர்கள் திரும்பியது இந்திய ரோஸ்வுட்டுக்கு. அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்துக்கு, தோதகத்தி என்று நாம் சொல்வதற்கு. பிரேசில் மரம் 1992இல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் ஏறிவிட்டது. உலகம் முழுக்க கிட்டார்களில் விரல் படும் கறுப்புப் பலகைகளில் எத்தனையோ நம் மலையில் வளர்ந்தவை என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையும், மரத்தைப் பற்றிய கவலையும் ஒன்றாக வருகின்றன. ரசீதும் அனுமதியும் உள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள். ஒரு ஃப்ரெட்போர்டுக்கு வேண்டியது 6 மில்லிமீட்டர் கனத்தில் அரை மீட்டர் பலகைதான். பழைய கட்டில் கால், உடைந்த மேசைச் சட்டம் போதும். பல ஆண்டு உலர்ந்த மரமாகவும் இருக்கும்.

எந்த மரமானாலும் வாங்கிய அன்றே அறுக்காதீர்கள். சமையலறைத் தராசில் எடை போட்டு, கட்டையிலேயே தேதியோடு எழுதி, காற்றோட்டமான அறையில் வையுங்கள். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றதும் வேலையைத் தொடங்கலாம். கடற்கரை ஊர்களில் இந்தப் பொறுமை இன்னும் தேவை.

நான் சொல்லும் அச்சு

ஃபென்டரின் திருகாணி நெக், கிப்சனின் தனி ஃப்ரெட்போர்டு. இரண்டு வசதியும் ஒரே கிட்டாரில் இருந்தால் எப்படி இருக்கும்? இருந்தது. 1959இல் டெலிகாஸ்டருக்கு ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு வந்தது. 1962 வரை அது அடிப்பக்கம் தட்டையான, கனமான பலகை. ஸ்லாப் போர்டு என்று அழைப்பார்கள். பிறகு மெல்லிய வளைந்த தகடாக மாறிவிட்டது, அது வீட்டில் செய்யத் தோதானதல்ல. அந்த மூன்று நான்கு ஆண்டு நெக்குகளில் ட்ரஸ் ராட் முன்பக்கத்திலிருந்து உள்ளே போகிறது. முதுகில் கறுப்புக் கோடு இல்லை. மேப்பிள் கட்டையின் தட்டையான முகத்தில் பள்ளம் எடுத்து, கம்பியை வைத்து, மேலே ரோஸ்வுட் பலகையை ஒட்டினால் முடிந்தது. முழுக்க முழுக்கப் பழைய அச்சு, ஒரு சமரசமும் இல்லாமல்.

ஆகவே முதல் கிட்டாருக்கு என் தேர்வு 1960ஆம் ஆண்டு டெலிகாஸ்டர். நெக்கின் கனத்தை மட்டும் 1951இலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வேன். 1960இல் நெக் மெலிந்துவிட்டது, செதுக்கும்போது கம்பியின் பள்ளத்தைத் தொட்டுவிடும் அபாயம் அதிகம். முதல் ஃப்ரெட் அருகே 24 மில்லிமீட்டர் விட்டால் பயமின்றி அரம் ஓட்டலாம். கை நிறைய இருக்கும் நெக்கு ஒன்றும் தண்டனை அல்ல, பழகினால் மெலிந்ததைத் தேட மாட்டீர்கள்.

தச்சு வேலையில் கழுந்தும் துளையும் ஏற்கெனவே கைவந்தவர் ஜூனியரோடு தொடங்கலாம். ஒரு நிபந்தனை: பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் தாளில் வரையுங்கள், பிரிட்ஜைக் கையில் வாங்கி உயரத்தை அளந்த பிறகு கோணத்தை முடிவு செய்யுங்கள், பசைக்கு முன் மூன்று முறை அளவுகோல் வையுங்கள். பசையும் பழைய தச்சர்களின் வஜ்ஜிரமாக இருக்கட்டும். சூடும் ஆவியும் பட்டால் அது இளகிவிடும்.

ஃப்ரெட் இடங்களைப் பற்றி ஒரே எச்சரிக்கை. தந்தி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் கிடைக்கும். டெலியின் 648 மில்லிமீட்டருக்கு 36.37, ஜூனியரின் 629க்கு 35.3. மீதி நீளத்தை மறுபடி வகுத்தால் அடுத்தது. கணக்கை இப்படிப் போடலாம். ஆனால் மரத்தில் குறிக்கும்போது ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே (முடுக்கும் நட் அல்ல, ஃப்ரெட்போர்டின் தலைமுனையில் தந்திகள் படியும் துண்டு) அளக்க வேண்டும். ஃப்ரெட்டிலிருந்து ஃப்ரெட்டுக்கு அளந்தால் சின்னப் பிசகுகள் சேர்ந்துகொண்டே போகும். 12ஆவது சரியாகப் பாதியில் விழுகிறதா என்று பார்த்த பிறகே ரம்பத்தை எடுங்கள்.

பிக்கப்பை முதல் தடவை வாங்கிவிடுங்கள். மேல்பூச்சு இரண்டு கிட்டாருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்தான். அறைகலன் கடைகளில் என்.சி. லாக்கர் என்று கேட்டால் தருவார்கள். ஆவி நச்சு, எளிதில் தீப்பற்றும். திறந்த இடம், முகமூடி, அருகில் அடுப்போ விளக்கோ இல்லாத நேரம் கட்டாயம். மழைக்காலத்தில் தெளித்தால் ஈரம் புகுந்து பால் போல வெளுக்கும், வெயில் நாளுக்குக் காத்திருங்கள். கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு மாதம் தொடாமல் விட்டு, அப்புறம் தேய்த்து மெருகேற்றுங்கள். ஹெட்ஸ்டாக்கில் ஃபென்டரின் பெயரை ஒட்ட வேண்டாம். பத்தாண்டு கழித்து அது யாரோ ஒருவரிடம் பழைய கிட்டார் என்று விலைபோகும். உங்கள் பெயரை எழுதுங்கள்.

மேப்பிள் கட்டை வாங்கப் போகும் அன்றே ஜூனியருக்கான மகோகனிப் பலகையையும் வாங்கிவிடுங்கள். எடையும் தேதியும் எழுதிப் பரணில் ஏற்றுங்கள். டெலியின் லாக்கர் காயும் மாதத்தில் அதை இறக்கி மறுபடி எடை போடலாம்.